காட்பாடியிலிருந்து ஜெர்மனிக்கு நாயை அழைத்துப் போக வேண்டும், மூன்றரை மாதம்தான் இருக்கிறது

காட்பாடி செவிலி (ஜூன் 14)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை உறுதியாகிவிட்டது. அக்டோபர் 1-ஆம் தேதி சேர வேண்டும். விசா, சான்றிதழ் மொழிபெயர்ப்பு எல்லாம் ஓரளவு தெரிந்த வழியில் போய்க்கொண்டிருக்கிறது, கூடப் படித்தவர்கள் நாலைந்து பேர் ஏற்கெனவே போயிருக்கிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவரும் நாயோடு போகவில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

செவலைக்கு வயது ஐந்து. நாட்டு நாய், பெண், 17 கிலோ. ஒரு மழை நாளில் எங்கள் தெருவில் ஒரு லாரிக்கு அடியில் நடுங்கிக்கொண்டு கிடந்த குட்டி. நைட் டியூட்டி முடிந்து நான் வண்டியில் வரும் சத்தம் தெரு முனையில் கேட்டதுமே கேட்டுக்கு வந்து நிற்பாள், நான் உள்ளே வந்து கை கால் கழுவும் வரை சாப்பாட்டைத் தொட மாட்டாள். அப்பாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன, அம்மாவால் அவளைப் பிடித்து நடத்த முடியாது. சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: நாட்டு நாய்தானே, எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்ளும். ஐந்து வருடம் வீட்டுக்குள் படுத்த நாய் தெருவில் பிழைக்காது. நான் விடப் போவதும் இல்லை.

வருடா வருடம் ரேபிஸ் ஊசி போட்டிருக்கிறேன். கடைசியாகப் போன செப்டம்பரில். கார்டு பத்திரமாக இருக்கிறது. தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சிப் போடவில்லை, அப்படி ஒன்று வேண்டும் என்பதே போன வாரம்தான் தெரிந்தது. ரத்தப் பரிசோதனை வேண்டும் என்கிறார்கள், சிலர் வேண்டாம் என்கிறார்கள். ஒரு ஏஜென்ட் ஒன்றரை மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்று ஒரு பெரிய தொகை கேட்டார். நாட்டு நாயை அங்கே அனுமதிப்பார்களா, மூன்றரை மாதம் போதுமா, விமானத்தில் தூக்க மாத்திரை கொடுக்கலாமா? நேரடியாக அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை

தங்கச்சி, வாலாஜாக்காரன், இப்போது மூன்று வருடமாக மியூனிக்கில் இருக்கிறேன், எங்கள் நாட்டு நாயை அழைத்து வந்தவன். முதலில் அந்த ஏஜென்டுக்குப் பணம் கொடுக்காதே. ஒன்றரை மாதத்தில் இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாயை முறைப்படி கொண்டுவர யாராலும் முடியாது. நாள் கணக்கே இடம் கொடுக்காது.

கணக்கு இப்படி. முதலில் சிப். சிப் போட்ட பிறகு ரேபிஸ் ஊசி, அதே நாளில் போடலாம், ஆனால் சிப்தான் முந்த வேண்டும். ஊசி போட்ட நாளிலிருந்து குறைந்தது 30 நாள் கழித்து, ஊசி பிடித்திருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து முழுசாக மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ரிசல்ட் வந்த நாளிலிருந்து இல்லை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து. ஆக என்ன அவசரப்பட்டாலும் நாலு மாதம். அமெரிக்கா, ஜப்பான், ஐக்கிய அரபு அமீரகம் மாதிரி ஒன்றியத்தின் பட்டியலில் உள்ள நாடுகளிலிருந்து வருபவர்களுக்கு இந்த ரத்தப் பரிசோதனை இல்லை. உன்னிடம் வேண்டாம் என்று சொன்னவர்கள் அங்கிருந்து போனவர்களாக இருக்கலாம். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை.

அடுத்தது உனக்குக் கஷ்டமான செய்தி. சிப் இல்லாமல் இத்தனை வருடம் போட்ட ஊசி ஒன்றும் அவர்கள் கணக்கில் வராது. ஊசி போட்ட நாய் இதே நாய்தான் என்பதற்குச் சாட்சி அந்தச் சிப் எண் மட்டுமே. செப்டம்பர் ஊசி செவலையின் உடம்பில் வேலை செய்துகொண்டுதான் இருக்கும், காகிதத்தில் மட்டும் அது இல்லாத ஊசி. புதிதாகப் போட வேண்டும்.

இன்று ஜூன் 14. நாளை மறுநாள் 16-ஆம் தேதி சிப்பும் ஊசியும் முடித்தால் ஜூலை 16-க்கு 30 நாள் ஆகிறது. நான் சொல்வது, ஜூலை 18-க்கு ரத்தம் எடு, இரண்டு நாள் சேர்த்தே வை. அப்படியானால் அக்டோபர் 18-க்குப் பிறகுதான் செவலை உள்ளே வர முடியும். உன் வேலை அக்டோபர் 1. பதினேழு நாள் இடிக்கிறது.

இரண்டு நாள் சேர்த்து வை என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் நாய்க்கு ஊரில் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். நான் அப்போது ஏற்கெனவே இங்கே வந்துவிட்டேன், அண்ணன்தான் கூட்டிப் போனான். மாதம் ஆகிவிட்டது என்று கிளினிக்கில் சொன்னதை நம்பி எடுத்துவிட்டார்கள். ரிசல்ட் அருமையாக வந்தது. ஒரு இரவு நான் தேதிகளை எழுதி விரல் விட்டு எண்ணினேன், 26 நாள். மூன்று முறை எண்ணினேன். நாலு நாள் குறைந்ததற்காக அந்த ரிசல்ட்டே செல்லாமல் போய், திரும்ப ரத்தம் எடுத்து, திரும்ப ஆய்வகத்துக்குப் பணம் கட்டி, அந்த மூன்று மாதத்தை மறுபடி முதலிலிருந்து எண்ணினோம். அந்தக் குளிர்காலம் முழுக்க நான் இங்கே தனியாக இருந்தேன், அவன் அங்கே வாசலில் படுத்திருந்தான். அப்பா தினமும் வீடியோ காலில் காட்டுவார், என் குரல் கேட்டால் போனை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வான். அதனால் தேதியை நீயே எண்ணு, யாரிடமும் விடாதே.

நாட்டு நாய்க்குத் தடை எதுவும் இல்லை. ஜெர்மனிக்குள் கொண்டுவரத் தடை செய்யப்பட்டவை பிட்புல், அமெரிக்கன் ஸ்டாஃபோர்ட்ஷையர் டெரியர், ஸ்டாஃபோர்ட்ஷையர் புல் டெரியர், புல் டெரியர் ஆகியவையும் அவற்றின் கலப்பும்தான். சர்டிபிகேட்டில் இனம் என்ற இடத்தில் நாட்டு நாய் அல்லது கலப்பினம் என்று தெளிவாக எழுதச் சொல்.

சத்துவாச்சாரி

அம்மா, நான் வயதில் பெரியவன் என்பதால் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெயிலில் வளர்ந்த நாயைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கூண்டில் அடைத்து, பனி பெய்யும் ஊருக்குக் கொண்டுபோவது அதற்கு நல்லதா? நீங்களோ ஷிஃப்ட் வேலைக்குப் போகப் போகிறீர்கள். நாள் முழுக்கப் பூட்டிய வீட்டில் அது என்ன செய்யும்? தெரிந்த நல்ல குடும்பம் கிடைத்தால் அங்கே விடுவதும் அன்புதான். என் மகள் வெளிநாடு போனபோது எங்கள் நாயை நாங்கள்தான் வைத்துக்கொண்டோம், நன்றாகவே இருந்தது.

காட்பாடி செவிலி

ஐயா, தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும் இதையெல்லாம் யோசித்தேன். உங்கள் வீட்டில் நீங்கள் இருந்தீர்கள், அதனால் முடிந்தது. எனக்கு அப்படி யாரும் இல்லை. குடியாத்தத்தில் ஒரு குடும்பம் சரி என்றார்கள், ஒரு வாரம் விட்டுப் பார்த்தேன், மூன்றாவது நாளே சாப்பிடவில்லை என்று போன் வந்தது. ஷிஃப்ட் வேலைதான் இங்கேயும் செய்கிறேன். அங்கே நாய்க்கு இடம் கொடுக்கும் வீட்டுக்காரராகப் பார்த்துத்தான் வீடு எடுக்கப் போகிறேன், மருத்துவமனை விடுதி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணா, அந்தப் பதினேழு நாள்தான் மனதை அறுக்கிறது. நான் 1-ஆம் தேதி போய்விட்டு, 18-க்குப் பிறகு என் தம்பி அவளை அழைத்து வந்தால் ஆகாதா?

பாலாற்றங்கரை

அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டு நாயாக வருவதற்கு விதி என்னவென்றால், சொந்தக்காரர் பயணம் செய்யும் நாளுக்கு முன்போ பின்போ 5 நாளுக்குள் நாய் வர வேண்டும். நீ எழுதிக் கொடுத்தால் தம்பி கொண்டுவரலாம், ஆனால் அந்த 5 நாளுக்குள்தான். அதைத் தாண்டினால் விற்பனைக்கு வரும் விலங்கு போலக் கணக்கில் எடுத்து வேறு சோதனை, வேறு காகிதம் என்று ஆகிவிடும். உனக்கு இரண்டு வழி. மருத்துவமனையில் கேட்டு வேலையில் சேரும் நாளை நவம்பருக்குத் தள்ளு. நர்ஸ் கிடைக்காமல் தவிக்கிறார்கள், விசா தாமதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இதற்கும் ஒத்துக்கொள்ளலாம், கேட்டுப் பார். இல்லையென்றால் நீ போய்விட்டு, முதல் விடுமுறையில் நீயே வந்து கூட்டிப் போ. டிக்கெட் செலவு கூடும், ஆனால் விதிக்குள் இருக்கும்.

கால்நடை மருத்துவர், ஆற்காடு

மேலே சொன்ன தேதிக் கணக்கு சரி. நான் மருத்துவம் சார்ந்த விஷயங்களை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் தவறுகள் பெரும்பாலும் எங்கள் மேஜையில்தான் நடக்கின்றன.

சிப் என்பது அரிசி மணி அளவுதான். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்துவோம், மயக்க மருந்து தேவையில்லை. ஐ.எஸ்.ஓ 11784, 11785 தரத்தில், 15 இலக்க எண் உள்ளதாக இருக்க வேண்டும். டாக்டர் போடுவதற்கு முன் ரீடரில் ஒரு முறை, போட்ட பிறகு ஒரு முறை படிக்கச் சொல்லுங்கள். ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் திரையில் வரும் எண்ணும் ஒன்றா என்று நீங்கள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு இலக்கமாகப் படித்துப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் ரேபிஸ் ஊசி. கார்டில் சிப் எண், சிப் போட்ட தேதி, மருந்தின் பெயர், பேட்ச் எண், ஊசி தேதி, எந்தத் தேதி வரை செல்லும் என்பது, டாக்டரின் கையெழுத்து, முத்திரை, பதிவு எண், இவ்வளவும் இருக்க வேண்டும். பதினைந்தில் ஒரு இலக்கம் கை தவறி மாறினாலும் விமான நிலையத்தில் அது வேறு நாய்.

ரத்தம் முன்னங்கால் நரம்பில் எடுப்போம். எடுத்த ரத்தத்தை உறைய விட்டு, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே தெளிந்து நிற்கும் சீரத்தை மட்டும் வேறு குழாயில் மாற்ற வேண்டும். அது வெளிர் மஞ்சளாக, தெளிவாக இருக்க வேண்டும். சிவந்திருந்தால் ரத்த அணுக்கள் உடைந்திருக்கின்றன என்று அர்த்தம், அதை அனுப்பாதீர்கள், மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். குழாயின் மேல் சிப் எண் எழுதி, ஜெல் ஐஸ் வைத்த பெட்டியில் குளிர்ச்சி குறையாமல் போக வேண்டும். வேலூர் வெயிலில் அரை நாள் கூரியர் ஆபீஸ் மேஜையில் கிடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை அனுப்பாதீர்கள், வாரத் தொடக்கத்தில் அனுப்புங்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்ட ஆய்வகமாக இருக்க வேண்டும், வேறு எங்கே செய்தாலும் செல்லாது. அந்தப் பட்டியலை ஒன்றியமே இணையத்தில் வைத்திருக்கிறது. பிரான்சில் நான்சி நகரில் உள்ள ஆய்வகம்தான் மற்ற ஆய்வகங்களின் தரத்தைச் சோதிப்பது, அமெரிக்காவில் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கும் பலர் அனுப்புகிறார்கள். ரேபிஸுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச யூனிட் அல்லது அதற்கு மேல் வர வேண்டும். உங்கள் நாய்க்கு வருடா வருடம் ஊசி விழுந்திருப்பதால் இது எளிதாக வந்துவிடும், அந்த வகையில் பழைய ஊசிகள் வீண் இல்லை.

அந்த மூன்று மாதம் எதற்கு என்று பலர் கோபப்படுகிறார்கள். ஊசிக்கு முன்பே கடிபட்டு நோய்க்கிருமி உள்ளே இருந்தால், அறிகுறி வெளியே தெரிய வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அந்த இடைவெளிக்குத்தான் இந்தக் காத்திருப்பு. ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு மனிதரையும் காப்பாற்ற முடியாது, நாயையும் காப்பாற்ற முடியாது. நர்ஸாக இருக்கிறீர்கள், நாய்க்கடியோடு வந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். ஜெர்மனி போன்ற நாடுகள் தெருவில் இந்த நோயே இல்லாத நிலைக்கு வந்துவிட்டன, அதைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். 1932-லிருந்து கால்நடைகளுக்குத் தடுப்பு மருந்து செய்யும் நிலையம் ராணிப்பேட்டையில் இருக்கிறது, அப்படிப்பட்ட ஊர்ப்பக்கம் நம்முடையது. இங்கே ஒவ்வொரு கிளினிக்கிலும் ஒரு சிப் ரீடர் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இல்லாத இடங்கள் இன்னும் உண்டு, போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். கிடைக்கவில்லை என்றால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஒரு நாள் போய்வரலாம்.

தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். மயக்கத்தில் ரத்த அழுத்தம் இறங்கும், மூச்சு குறையும், மேலே போன பிறகு பார்க்க ஆளில்லை. மயக்க மருந்து கொடுத்த விலங்கை விமான நிறுவனங்களும் ஏற்க மறுக்கின்றன.

வெண்பூனை

அக்கா, நான் ஆம்பூர், இப்போது நெதர்லாந்தில் படிக்கிறேன், பூனையைக் கொண்டுவந்தேன். பூனைக்கும் இதே விதிதான், சிப், ஊசி, ரத்தம், மூன்று மாதம். என் பூனை பையோடு சேர்த்து 8 கிலோவுக்குள் இருந்ததால் கேபினில் என் காலடியிலேயே வந்தது. செவலை 17 கிலோ என்பதால் கீழே சரக்குப் பகுதியில்தான் வர முடியும். காற்றழுத்தமும் சூடும் சரியாக வைத்த பகுதி அது, பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு விமானத்தில் இத்தனை விலங்குதான் என்று கணக்கு உண்டு, அதனால் உங்கள் டிக்கெட்டைப் போடுவதற்கு முன்பே நாய்க்கு இடம் இருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட்டுக்கு நேராகப் போகும் விமானமாகப் பாருங்கள். நடுவில் இறக்கி ஏற்றுவதுதான் அவைகளுக்குக் கஷ்டம். ஃபிராங்ஃபர்ட்டில் விலங்குகளுக்கென்றே தனிக் கட்டடமும் டாக்டர்களும் இருக்கிறார்கள்.

சர்டிபிகேட் விஷயம் யாரும் சொல்லவில்லையே. ஐரோப்பிய ஒன்றியத்தின் படிவத்தில் ஹெல்த் சர்டிபிகேட் வேண்டும், அது அரசு அதிகாரி கையெழுத்துப் போட்டதாக இருக்க வேண்டும், நம் டாக்டர் மட்டும் போட்டால் போதாது. நமக்குச் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் மத்திய அரசின் விலங்கு தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு அலுவலகம்தான். அந்தச் சர்டிபிகேட் கையெழுத்தான நாளிலிருந்து 10 நாளுக்குள் நீங்கள் ஐரோப்பாவில் இறங்க வேண்டும். அதனால் முன்னாலேயே வாங்கி வைக்க முடியாது, கடைசி வாரத்து வேலை. பாஸ்போர்ட், டிக்கெட், ஊசி கார்டு, ரத்தப் பரிசோதனை ரிசல்ட், ஊர் டாக்டர் கொடுத்த உடல்நலச் சான்று எல்லாம் இரண்டு நகல். நாங்கள் விடியற்காலை நாலு மணிக்கு ஆம்பூரில் கிளம்பினோம், அரசு விடுமுறை நடுவில் வராத வாரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அக்டோபர் என்றால் ஆயுத பூஜை எல்லாம் வரும்.

கொணவட்டம்

இடையில் ஒரு கேள்வி. லண்டனுக்கும் இதேதானா? அண்ணி அங்கே இருக்கிறார், லேப்ரடாரைக் கேட்கிறார்.

வெண்பூனை

பிரிட்டன் இப்போது ஒன்றியத்தில் இல்லை, தனிப் படிவம். சிப், ஊசி, ரத்தம், மூன்று மாதம் எல்லாம் அங்கேயும் உண்டு. கூடுதலாக நாய்க்கு நாடாப்புழு மருந்து, இறங்குவதற்கு 24 மணி நேரத்துக்கு முன், 120 மணி நேரத்துக்குள், டாக்டர் கையால் கொடுத்து நேரத்தோடு எழுதியிருக்க வேண்டும். விமானத்தில் போனால் கார்கோவாக மட்டும்தான் எடுப்பார்கள், கேபினில் விடமாட்டார்கள். அயர்லாந்து, பின்லாந்து, மால்டா, நார்வே போகிறவர்களுக்கும் இந்தப் புழு மருந்து உண்டு. ஜெர்மனிக்குத் தேவையில்லை.

பாலாற்றங்கரை

கூண்டை மட்டும் கடைசி நேரத்துக்கு விடாதே தங்கச்சி. உள்ளே அவள் தலை இடிக்காமல் நிற்க வேண்டும், முழுசாகத் திரும்ப வேண்டும், காலை நீட்டிப் படுக்க வேண்டும். செவலையை நிற்க வைத்துத் தரையிலிருந்து காது நுனி வரை அளந்து, மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து வாங்கு. நாங்கள் மூன்று மாதம் முன்பே கூண்டை வாங்கி, மேல் பாதியைக் கழற்றிவிட்டு, அடிப்பாதியில் அம்மாவின் பழைய புடவையை மடித்துப் போட்டு அதிலேயே சோறு வைத்தோம். ஒரு வாரம் கழுத்தை மட்டும் உள்ளே நீட்டிச் சாப்பிட்டான். அப்புறம் முன்னங்கால். மேல் பாதியை மாட்டிக் கதவைச் சாத்த ஒன்றரை மாதம் ஆனது. அந்தப் புடவையோடுதான் மியூனிக்கில் வந்து இறங்கினான், கூண்டுக் கதவைத் திறந்ததும் என்னைப் பார்க்காமல் முதலில் என் செருப்பைத்தான் முகர்ந்தான்.

தண்ணீர்க் கிண்ணத்தைக் கதவில் மாட்டும் வகையாக வாங்கி, முந்தின இரவு ஃப்ரீசரில் உறைய வைத்துவிடு. ஏற்றும்போது சிந்தாது, போகப் போகக் கரைந்து குடிக்கக் கிடைக்கும்.

இங்கே வந்த பிறகு நகராட்சியில் நாயைப் பதிய வேண்டும், நாய் வரி உண்டு, ஊருக்கு ஊர் தொகை மாறும். வாடகை ஒப்பந்தத்தில் நாய்க்கு அனுமதி என்று எழுதி வாங்கு. குளிருக்கு ஒரு கோட்டு வாங்கிக் கொடு, நம் நாய்க்கு அடி ரோமம் கிடையாது. பெரியவர் சொன்ன கவலை நியாயமானது, முதல் மாதம் எங்கள் ஆள் பனியில் காலை வைக்க மாட்டேன் என்று வாசலிலேயே நின்றான். இப்போது நான்தான் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, இது தங்கச்சிக்கு மட்டும் இல்லை, காட்பாடியிலும் வேலூரிலும் ஜெர்மன் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கும் எல்லோருக்கும். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால், வகுப்பில் சேரும் அன்றே சிப்பும் ஊசியும் போட்டு, மாதம் கழித்து ரத்தமும் எடுத்து அனுப்பிவிடுங்கள். ஒரு முறை 0.5-ஐ எட்டிவிட்டால், அடுத்தடுத்த ரேபிஸ் ஊசியை ஒரு நாள்கூடத் தவறவிடாமல் போட்டு வரும் வரை அந்த ரிசல்ட் அதன் ஆயுள் முழுக்கச் செல்லும், அடுத்த ஊசிக்குத் திரும்ப ரத்தம் எடுக்க வேண்டாம். வேலை கிடைக்குமா என்று பார்த்துவிட்டுச் செய்யலாம் என்று நின்றதால்தான் நானும் தவித்தேன், இந்தப் பிள்ளையும் பதினேழு நாளுக்குத் தவிக்கிறது.

காட்பாடி செவிலி (ஜூலை 20)

எல்லோருக்கும் பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். ஜூன் 16-ஆம் தேதியே சிப்பும் ஊசியும் ஆயிற்று. முதலில் போன இடத்தில் ரீடர் இல்லை, டாக்டர் ஐயா சொன்னபடி அங்கே போடாமல் வேறு இடம் போனேன். எண்ணைப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் படித்தேன், கார்டில் எட்டாவது இலக்கத்தை 3 என்பதற்கு 8 என்று எழுதியிருந்தார்கள், அங்கேயே புதுக் கார்டு போட்டு வாங்கிவிட்டேன்.

மருத்துவமனைக்குக் காரணத்தை மறைக்காமல் எழுதினேன். நாலு நாள் பதில் இல்லை. அப்புறம் நவம்பர் 2-ஆம் தேதி சேரலாம் என்று எழுதிவிட்டு, நாயின் பெயர் என்ன என்றும் கேட்டிருந்தார்கள். ஏஜென்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று முன்தினம் ரத்தம் எடுத்தார்கள், 32-ஆவது நாள். சீரம் வெளிர் மஞ்சளாகத்தான் இருக்கிறது, போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். கிளினிக் ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார்கள், இன்று திங்கள், காலையிலேயே ஐஸ் பெட்டியில் அனுப்பியாயிற்று. கூண்டு கூடத்தில் கிடக்கிறது. அம்மாவின் புடவையைப் போட்டும் செவலை இன்னும் உள்ளே போகவில்லை, தலையை மட்டும் அதன் விளிம்பில் வைத்துக்கொண்டு வெளியே படுத்திருக்கிறாள். இன்று ராத்திரி சோற்றுத் தட்டை இன்னும் ஒரு சாண் உள்ளே தள்ளி வைக்கப் போகிறேன்.